பழைய தோட்ட டிராக்டரின் சக்கரங்களுக்குப் புது வண்ணம் பூசுதல்

தோட்ட டிராக்டரின் சக்கரத்தில் வண்ணம் உரியத் தொடங்குவது பெரும்பாலும் கண்ணுக்கு நேரே தெரியும் நடுத்தட்டில் அன்று. டயர் அழுந்தி உட்காரும் விளிம்பிலும், போல்ட்டுகள் அமரும் துளைகளைச் சுற்றியும், அச்சு நுழையும் குடத்தின் வாயிலும்தான். ரிம், அதாவது டயர் மாட்டும் இரும்புச் சக்கரம், வேறொரு பொருளைத் தொடும் இந்த மூன்று இடங்களிலும் எவ்வளவு மெல்லிதாகப் பூசுவது, எங்கே பூசாமலே விட்டுவிடுவது என்று முதலிலேயே தீர்மானித்துக்கொண்டால் மற்ற வேலை எளிது. புதுப்பிக்கப்பட்ட பல டிராக்டர்களில் ஓராண்டுக்குள் சக்கரம் அசிங்கமாகிவிடுவதற்குக் காரணம் வண்ணம் போதாமை அல்ல, இந்த இடங்களில் வண்ணம் மிகுந்துபோவதே.

பின்சக்கரங்களைக் கழற்றுவதற்கு முன், வண்டி தரையில் நிற்கும்போதே போல்ட்டுகளை அரைச் சுற்று தளர்த்திக்கொள்ள வேண்டும். இந்த வகை வண்டிகளில் நிறுத்தத்தடை பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும் என்பதால், பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கியதும் அது பயனற்றதாகிவிடுகிறது; எனவே முன்சக்கரங்களின் இருபுறமும் கட்டை கொடுத்த பிறகே தூக்க வேண்டும், தூக்கிய வண்டியை ஜாக்கியின் மீதே விடாமல் உறுதியான தாங்கியின் மேல் இறக்க வேண்டும். முன்சக்கரங்கள் பெரும்பாலும் அச்சின் நுனியில் ஒரு சர்க்ளிப்பாலோ (பள்ளத்தில் பொருந்தும் வளையப் பூட்டு) குறுக்கு ஊசியாலோ நிறுத்தப்பட்டிருக்கும். அங்கே வரும் வாஷர்களின் வரிசை முக்கியம். கழற்றிய வரிசையிலேயே ஒரு கம்பியில் கோத்து வைத்தால் பிறகு குழப்பம் வராது. எந்தச் சக்கரம் எந்தப் பக்கத்தது, அதன் எந்த முகம் வெளியே பார்த்திருந்தது என்பதையும் டயரில் சாக்பீஸால் எழுதிவிடுவது நல்லது.

பின்டயர் எதிர்பாராத அளவுக்குக் கனத்தால் உள்ளே திரவம் இருக்கிறது என்று பொருள். பிடிமானத்துக்காகப் பழைய நாட்களில் கால்சியம் குளோரைடு கரைசலை நிரப்புவது வழக்கம். அது உறையாது, எடை தரும், ஆனால் இரும்பைத் தின்றுவிடும். வால்வை மேலே வருமாறு திருப்பி வைத்துக் காற்றை விட்ட பிறகே அதன் ஊசியைக் கழற்றி, வால்வைக் கீழே திருப்பிக் கரைசலை வடிக்க வேண்டும்; வடித்ததைச் செடிகளின் வேரில் கொட்டக்கூடாது. இத்தகைய சக்கரத்தில் முதலில் பார்க்க வேண்டியது வால்வுத் துளைதான். துளையைச் சுற்றிப் பிறை வடிவில் வண்ணம் உப்பியிருக்கும். ஸ்க்ரூடிரைவரின் நுனியால் குத்தினால் தகடு பொறுக்காக உதிரும். அப்படி உதிர்ந்தால் அது வண்ணத்தால் தீரும் குறையன்று. துளையைச் சுற்றி வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைப்பதா, வேறு ரிம் தேடுவதா என்று அப்போதே முடிவெடுக்க வேண்டும். பற்றவைப்பதாயின் டயரை முழுவதும் கழற்றிய பிறகே செய்ய வேண்டும். டயர் மாட்டியிருக்கும் ரிம்மைச் சூடாக்கினால் அது வெடிக்கக்கூடும்.

டயரைக் கழற்றித்தான் ஆக வேண்டுமா என்ற கேள்வி எப்போதும் எழும். ரப்பர் வெடிப்பின்றி நன்றாக இருந்து, விளிம்பிலும் துரு ஏறாதிருந்தால், முழுவதும் கழற்றாமலே சமாளிக்கலாம்: காற்றை இறக்கி, டயரின் ஓரத்தை ரிம்மிலிருந்து உள்நோக்கித் தள்ளி, அந்த இடைவெளியில் பழைய சீட்டுக்கட்டின் அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறுமாறு வட்டமாகச் செருகிவிட்டால் ரப்பரில் வண்ணம் படாது, விளிம்பின் உள்மடிப்பு வரை வண்ணம் போகும். டயரின் மேல் டேப் ஒட்டி, ரப்பரும் இரும்பும் தொடும் கோட்டிலேயே வண்ணத்தை நிறுத்திவிடுவதை மட்டும் செய்யக்கூடாது. டயர் அசையும் முதல் நாளே அந்தக் கோட்டில் வண்ணம் வெடித்துத் தண்ணீர் உள்ளே நுழையும். விளிம்பில் துரு இருந்தால் கழற்றுவதே சரி.

தேய்ப்பதற்கு முன் எண்ணெய்ப்பசையை நீக்க வேண்டும், பின் அன்று. கிரீஸ் படிந்த ரிம்மில் உப்புத்தாளை ஓட்டினால் கிரீஸ் கீறல்களுக்குள் இறங்கிவிடும். அங்கே பூசும் பிரைமர், அதாவது அடிப்பூச்சு, மீன்கண் போலப் புள்ளிபுள்ளியாக விலகி நிற்கும். சோப்புத் தண்ணீரால் ஒருமுறை கழுவி, பின் எண்ணெய் நீக்கும் கரைப்பானை ஒரு துணியில் தோய்த்துத் துடைத்து, அது காய்வதற்குள் இன்னொரு சுத்தமான துணியால் எடுத்துவிட வேண்டும். முன்சக்கரத்தின் குடத்தில் பேரிங் அல்லது புஷ் இருந்தால் கழற்றிவிடலாம். இயலாவிட்டால் இருபக்கமும் துணி அடைத்து, கிரீஸ் ஏற்றும் முனையான நிப்பிளையும் மூடிவிட வேண்டும்.

பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கலாம் என்றே கொள்ள வேண்டும். அமெரிக்காவில் 1978-இல் வந்த தடை வீட்டுப் பயன்பாட்டு வண்ணங்களுக்கானது. வேளாண் இயந்திரங்களுக்குப் பூசும் வண்ணங்களுக்கு அதில் விலக்கு இருந்தது. ஆகவே, வண்டி அதற்குப் பிந்தையது என்பதால் மட்டும் அச்சம் நீங்கிவிடாது. உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்புவதைவிட, வண்ணம் நீக்கும் பசையைப் பூசிச் சுரண்டுவதோ தண்ணீர் விட்டுத் தேய்ப்பதோ மேல். எப்படியும் நுண்துகள் வடிகட்டும் முகக்கவசம் வேண்டும்.

துருவை நீக்கக் கம்பித் தூரிகை பொருத்திய கிரைண்டர் வேகமான வழிதான். ஆனால் ரிம்மின் வளைவுகளுக்குள்ளும் பற்றவைப்புக் கோட்டின் ஓரத்திலும் அது எட்டாது. காற்றழுத்தத்தால் மணலை வீசித் துருவை நீக்கும் சாண்ட் பிளாஸ்டிங் எங்கும் எட்டும். வீட்டில் செய்ய நினைப்பவருக்கு மின்பகுப்பு முறை பொறுமைக்கேற்ற பலனைத் தரும்: பிளாஸ்டிக் தொட்டியில் சலவைச் சோடா கலந்த தண்ணீரில் ரிம்மை மூழ்கவைத்து, பாட்டரி சார்ஜரின் எதிர்முனையை ரிம்முடனும் நேர்முனையை ஒரு பழைய இரும்புத் துண்டுடனும் இணைத்தால், ஓரிரவில் துரு கறுத்துத் தளர்ந்து தூரிகைக்கே உதிர்ந்துவிடும். நேர்முனையில் எவர்சில்வர் துண்டைப் பயன்படுத்தக்கூடாது, அது நச்சான குரோமியச் சேர்மங்களைத் தண்ணீரில் சேர்க்கும். ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் இதைத் திறந்தவெளியில், தீப்பொறிக்கு இடமின்றிச் செய்ய வேண்டும். தொட்டியிலிருந்து எடுத்த இரும்பில் சில நிமிடங்களிலேயே மெல்லிய செந்துரு படரும்; கழுவி உடனே உலர்த்தி, 120 எண் உப்புத்தாளால் ஒருமுறை தேய்த்து, அன்றே பிரைமர் பூசிவிட வேண்டும்.

துருக்குழிகளைப் பட்டி வைத்து நிரப்புவது வெளித்தெரியும் தட்டில் சரி, டயர் உட்காரும் பகுதியில் தவறு; டயரை மாட்டும் இரும்புக் கம்பி பட்டதுமே பட்டி பெயர்ந்துவிடும். அங்கே காற்றுக் கசியும் அளவுக்குக் குழிகள் இருந்தால், அவற்றின் முனைகளை வழுவழுப்பாகத் தேய்த்து டியூப் போட்டுவிடுவது எளிய தீர்வு.

வெற்று இரும்புக்கு, இரண்டு பாகங்களைக் கலந்து பூசும் எபாக்சி பிரைமரே என் தேர்வு. பட்டியை அதன் மேல் வைத்தால் ஈரம் அடியில் போய்த் துருப்பிடிக்காது. பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றியைப் பயன்படுத்தியிருந்தால் நன்றாகக் கழுவி உலர்த்திய பிறகே எபாக்சி பூச வேண்டும், எஞ்சிய அமிலம் அதைக் காயவிடாது. பிரைமரின் நிறத்தையும் யோசிக்க வேண்டும். ஜான் டீர் நிறுவன டிராக்டர்களின் சக்கர மஞ்சளைப் போன்ற நிறங்களுக்கு மறைக்கும் திறன் குறைவு. செந்நிறப் பிரைமரின் மேல் எத்தனை முறை அடித்தாலும் அடிநிறம் எட்டிப் பார்க்கும், கரும்சாம்பலின் மேல் மஞ்சள் பச்சையோடும். வெள்ளைப் பிரைமர் பூசினால் இரண்டே பூச்சில் நிறம் நிற்கும், தடிமனும் ஏறாது. 1961-இல் வெளிவந்த கப் கேடட் போன்ற மஞ்சள் வண்டிகளின் வெள்ளைச் சக்கரங்களுக்கும் இது பொருந்தும். மூல நிறத்தை அறிய வேண்டுமானால் டயருக்கு அடியில் வெயில் படாமல் இருந்த ஓரத்தைப் பார்ப்பதே நம்பகமானது.

பிரைமர் காய்ந்ததும், மேல்வண்ணத்துக்கு முன், போல்ட் அமரும் கூம்புக் குழிகளையும் குடத்தின் மீது பொருந்தும் தட்டையான முகத்தையும் மாஸ்கிங் டேப்பால் மூட வேண்டும். அங்கே பிரைமரின் மெல்லிய படலம் போதும். தடித்த வண்ணம் போல்ட்டின் அழுத்தத்தில் நசுங்கி வெளியேறும். நசுங்கிய அளவுக்கு போல்ட் தளரும்.

வண்ணமடிக்கும் நாளில் 15 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் இருப்பதும், ஈரப்பதம் மிகாதிருப்பதும் நல்லது. ஸ்பிரே கேனாயின் 25 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து, முதலில் துளைகளின் உள்ஓரங்கள், பற்றவைப்பு மூலைகள், பின்முகம் ஆகியவற்றை முடித்துவிட்டு, கடைசியில் முன்முகத்துக்கு வர வேண்டும். மாற்றிச் செய்தால் மூலைகளுக்காகத் திரும்பத் திரும்ப அடிக்கையில் தட்டில் வண்ணம் வழியும். ரிம்மைக் கிடத்தி வைத்து அடித்தால் வழிவது குறையும். எனாமல் வண்ணத்தில் மறுபூச்சுக்கான நேரத்தைக் கேனில் எழுதியபடியே கடைப்பிடிக்க வேண்டும்; பாதி காய்ந்த படலத்தின் மேல் அடித்தால் அது சுருங்கிவிடும். பளபளப்புக்காகச் சேர்க்கும் ஹார்டனர்களில் (வண்ணத்தை இறுகச் செய்யும் கலவை) மூச்சுக்குத் தீங்கான ஐசோசயனேட் இருப்பதுண்டு. வெளிக்காற்றைத் தனிக் குழாய் வழியாகத் தரும் கவசம் இல்லாதவர்கள் அதைக் கலக்காமல் விடுவதே அறிவுடைமை. தொழிற்சாலையிலிருந்து வந்தபோதே இந்தச் சக்கரங்கள் கண்ணாடி போல இருந்ததில்லை.

தொட்டால் ஒட்டாத நிலைக்கும் டயரைத் தாங்கும் நிலைக்கும் இடையே ஒரு வாரமாவது விட வேண்டும். நகத்தால் அழுத்தினால் தழும்பு விழாதபோது டயரை மாட்டலாம். ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தாராளமாகத் தடவி, மாட்டும் கம்பிக்கும் விளிம்புக்கும் இடையே பிளாஸ்டிக் குப்பியிலிருந்து வெட்டிய துண்டைக் கொடுத்தால் கீறல் விழாது. டயர் உட்காராவிட்டால் அதன் நடுவில் பட்டையைக் கட்டி இறுக்கிக் காற்றடிக்கலாம். டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட உச்ச அழுத்தத்தைத் தாண்டவும் கூடாது, எரியும் ஆவியைப் பற்றவைத்து உட்காரவைக்கும் வித்தையில் இறங்கவும் கூடாது. பின்டயரின் அம்புவடிவப் பட்டைகளின் கூர்முனை, வண்டி முன்னோக்கி உருளும்போது முதலில் தரையைத் தொட வேண்டும். அச்சில் சிறிது கிரீஸ் தடவிச் சக்கரத்தை ஏற்றி, போல்ட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக இறுக்கி, ஓரிரு மணிநேரம் ஓட்டிய பிறகு மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். ஏதேனும் ஒரு போல்ட் கால் சுற்றுக்கு மேல் திரும்பினால் அதைக் கழற்றி, குழியில் தங்கிய வண்ணத்தைச் சுரண்டிவிட்டு மாட்ட வேண்டும்.