முன்விளக்கின் மங்கலை வீட்டிலேயே நீக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையில் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதனால் யாழ்ப்பாணத்து வீதிகளில் பத்து, பதினைந்து வயதைக் கடந்த கார்கள் இன்னும் நிறையவே ஓடுகின்றன. விற்ஸ், அக்சியோ, வாகன் ஆர், அல்ரோ என எதுவானாலும் எஞ்சினுக்கும் பெயின்றுக்கும் செலவழித்து நல்ல நிலையில் வைத்திருப்பார்கள். முன்விளக்கு மட்டும் அரிசி கழுவிய தண்ணீர்போல் கலங்கியிருக்கும். பொழுதுபட்ட பின் கிளிநொச்சியிலிருந்து ஆனையிறவு வழியாகத் திரும்பும்போது, லைற் இல்லாத சைக்கிளில் வரும் ஒருவரையோ வீதியில் படுத்திருக்கும் மாட்டையோ மிக அருகில் வந்த பிறகே கண்டு பிரேக் பிடித்தவர்களுக்கு, இது அழகு பற்றிய கவலை அல்ல என்பது தெரியும்.

இதை வீட்டில் சரிசெய்ய முடியும். ஆனால் பெரும்பாலானோர் முதற்படியிலேயே தவறிவிடுகிறார்கள், ஏனென்றால் மங்கலை அழுக்கென்று எண்ணிவிடுகிறார்கள். விளக்கின் முன்மூடி கண்ணாடி அல்ல. பொலிகாபனேற்று என்னும் பிளாஸ்ரிக். கல் பட்டாலும் எளிதில் உடையாத இந்தப் பொருளுக்கு, கீறலையும் வெயிலின் புற ஊதாக் கதிர்களையும் தாங்கும் வலிமை குறைவு. ஆகவே தொழிற்சாலையில் அதன்மீது மெல்லிய கடினப் பூச்சொன்றைப் பூசி அனுப்புகிறார்கள். ஆண்டுக்கணக்கான வெயிலில் அந்தப் பூச்சு சிதைந்து, அதன் கீழுள்ள பிளாஸ்ரிக்கும் மஞ்சளாகத் தொடங்குவதைத்தான் நாம் மங்கல் என்கிறோம். கடற்காற்றின் உப்புத்தான் காரணம் என்று நம்மூரில் பலர் சொல்வார்கள். காற்றோடு வரும் மணல் பூச்சைச் சுரண்டுவது உண்மை. எனினும் மஞ்சளாக்குவது வெயில். இதை விளங்கிக்கொண்டால், வேலை இரண்டு பகுதிகளைக் கொண்டது என்பதும் தெளிவாகும்: சிதைந்த பழைய பூச்சை முற்றாக அகற்றுவது, அதன் இடத்தில் புதிய காப்பொன்றைப் பூசுவது. இரண்டாவதைச் செய்யாமல் விடுவதற்கு, முதலாவதையும் செய்யாமல் விடுவதே மேல்.

ஒன்றை இங்கே சொல்லவேண்டும். நம் ஊரில் இன்னும் அன்போடு பேணப்படும் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40, கேம்பிறிட்ஜ் போன்ற பழைய கார்களின் விளக்குகளுக்கு இந்த முறை பொருந்தாது. அவற்றின் முன்மூடி உண்மையான கண்ணாடி. அது மஞ்சளாவதில்லை, அரத்தாள் பட்டால் அழியாத கீறல்தான் மிஞ்சும். அவற்றில் வெளிச்சம் குறைந்தால் உள்ளே இருக்கும் பிரதிபலிப்பானையும் வயரையும் பார்க்கவேண்டும்.

அரத்தாளை எடுப்பதற்கு முன்னர் மங்கல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று சோதிக்காமல் விடுவது அடுத்த தவறு. விளக்கின்மீது தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஈரமாக இருக்கும்வரை தெளிவாகத் தெரிந்து, காய்ந்ததும் மங்கினால் கோளாறு வெளிப்பரப்பில் இருக்கிறது. தேய்த்தால் பலன் கிடைக்கும். ஈரத்திலும் அப்படியே கலங்கித் தெரிந்தால் மங்கல் உட்பக்கத்தில் இருக்கிறது, அல்லது பிளாஸ்ரிக்கின் உடலுக்குள்ளேயே நுண்வெடிப்புகள் விழுந்துவிட்டன. அப்போது நாள் முழுவதும் தேய்த்தாலும் மூடியின் தடிப்புத்தான் குறையும்.

பற்பசை, அப்பச்சோடா, மண்ணெண்ணெய், நுளம்பு விரட்டும் திரவம் என்று வீட்டில் கையில் அகப்படுவதை எல்லாம் பூசிப் பார்ப்பதுதான் மிகப் பரவலான தவறு. நானும் நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முதல் நாள் பற்பசையால் தேய்த்து, விளக்கு பளிச்சிட்டதைக் கண்டு மகிழ்ந்தேன். தீபாவளி வருவதற்குள் மஞ்சள் முன்னிலும் மோசமாகத் திரும்பிவிட்டது. பற்பசையில் உள்ள மென்மையான துகள்கள் மேற்பரப்பைச் சற்று மினுக்குகின்றன. மிஞ்சியிருந்த காப்பையும் தேய்த்துவிட்டு, எதையும் பூசாமல் விடுகின்றன. எண்ணெய்கள் கீறல்களை நிரப்பித் தெளிவானதுபோல் காட்டும். ஒரு மழையோடு அது போய்விடும். நுளம்பு விரட்டியைப் பற்றி நான் கடுமையாகவே எச்சரிப்பேன். அதிலுள்ள டீற் என்னும் இரசாயனம் பிளாஸ்ரிக்கைக் கரைக்கும் தன்மையுடையது; மங்கல் மறைவதுபோல் தெரிவது மேற்பரப்பு கரைந்து இளகுவதனால்தான். தின்னர், அசிற்றோன் ஆகியவை இன்னும் கேடானவை: பொலிகாபனேற்றில் சிலந்திவலைபோல் வெடிப்புகளை உண்டாக்கும், அந்த வெடிப்புகளுக்கு மருந்தில்லை. சிறு குவளையில் திரவத்தைச் சூடாக்கி ஆவியை விளக்கின்மீது பிடிக்கும் கருவிகளும் இப்போது இணையத்தில் விற்கப்படுகின்றன. அவற்றிற் பயன்படும் திரவம் பெரும்பாலும் டைகுளோரோமெதேன் போன்ற நச்சுக் கரைப்பான்; வீட்டு முற்றத்தில், பிள்ளைகள் நிற்கும் இடத்தில் அதை ஆவியாக்க வேண்டாம்.

தேய்க்கும் வேலையில் அவசரம் பெருந்தீங்கு செய்கிறது. மஞ்சள் விரைவாகப் போகட்டும் என்று 400 இலக்க அரத்தாளோடு தொடங்குபவர்கள், அது விட்டுச்செல்லும் ஆழமான கோடுகளை அழிக்கவே பாதி நாளைச் செலவிடுவார்கள். சாதாரண மங்கலுக்கு 800 அல்லது 1000 போதும். அதன்பின் 1500, 2000, இயன்றால் 3000 என்று படிப்படியாகச் செல்லவேண்டும், நடுவில் ஒன்றைத் தாண்டக் கூடாது. ஒவ்வோர் இலக்கத்திலும் தேய்க்கும் திசையை மாற்றினால், முந்தைய தாளின் கோடுகள் முற்றாக அழிந்தனவா என்று கண்ணுக்கே தெரியும். தாளையும் விளக்கையும் எப்போதும் ஈரமாக வைத்திருக்கவேண்டும். தொடக்கத்தில் வழியும் தண்ணீர் மஞ்சளாக இருக்கும்; அது வெள்ளையாக மாறும்வரை முதல் தாளை விடக்கூடாது. பலர் நடுப்பகுதியை நன்றாகத் தேய்த்து ஓரங்களை விட்டுவிடுவதால், பழைய பூச்சு அங்கங்கே திட்டுத்திட்டாக எஞ்சி, புதிய பூச்சின் கீழ் நிரந்தரமாகத் தெரிகிறது. தேய்த்து முடித்ததும் விளக்கு முன்னைவிட வெள்ளையாகத் தோன்றுவதைக் கண்டு பயந்து நிறுத்திவிடவும் வேண்டாம்; அது நுண்கோடுகளின் நிறம், 2000, 3000 என்று போகப்போகக் குறைந்துவிடும். வேலை தொடங்குமுன் விளக்கைச் சுற்றியுள்ள பொனற், பம்பர் ஓரங்களில் மறைப்பு ரேப்பை இரண்டு அடுக்காக ஒட்டுவது கட்டாயம்.

மினுக்குவதற்கு டிரில்லில் பஞ்சு வட்டைப் பூட்டுவோர் அதை ஓரிடத்தில் நிறுத்திவைக்கக் கூடாது. பொலிகாபனேற்று ஏறத்தாழ 147 பாகை செல்சியஸில் இளகத் தொடங்கும்; உராய்வுச் சூடு அதை எட்டாவிட்டாலும் மேற்பரப்பில் தழும்பு விழலாம்.

நம் கிணற்றுத் தண்ணீர் இங்கே தனிக் கவனம் பெறவேண்டியது. யாழ்ப்பாணத்து நிலத்தடி சுண்ணாம்புக்கல்; கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவே அந்தத் தண்ணீரின் கடினத்துக்குச் சாட்சி. தேய்ப்பதற்கு அது பரவாயில்லை. ஆனால் கடைசியாகக் கழுவிய பின் அதை விளக்கிலேயே காயவிட்டால், உப்புப் புள்ளிகள் புதிய பூச்சின் கீழ் சிறைப்பட்டுவிடும். இறுதிக் கழுவலுக்கு மழைத் தண்ணீரோ பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரோ பயன்படுத்தி, உடனே துடைத்து, பின்னர் ஐசோபுரோபைல் அற்ககோல் நனைத்த சுத்தமான துணியால் ஒருமுறை துடையுங்கள். அதன்பிறகு விரல் படக்கூடாது.

இனி, பெரும்பாலானோர் விட்டுவிடும் காப்புப் பூச்சு. மெழுகு பூசினால் போதும் என்பது தவறான நம்பிக்கை. அது சில வாரங்களே தாங்கும். கடையில் கிடைக்கும் எந்தக் கிளியர் ஸ்பிரேயும் போதும் என்பதும் தவறு, ஏனென்றால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருள் அதில் இல்லாவிட்டால் பூச்சின் கீழேயே பிளாஸ்ரிக் மீண்டும் மஞ்சளாகும். முன்விளக்குக்கென்றே தயாரிக்கப்பட்டதையோ, கடினமாக்கி சேர்க்கும் இரட்டைக் கூறு கிளியர் கோட்டையோ கேட்டு வாங்குங்கள். இரட்டைக் கூற்றுப் பூச்சுகளில் ஐசோசயனேற்று என்னும், மூச்சுக்குக் கேடான இரசாயனம் இருப்பதால் சாதாரணத் துணி முகக்கவசம் காப்பாற்றாது. இரசாயன ஆவியைத் தடுக்கும் வடிகட்டியுள்ள கவசம் இல்லாதவர் அந்தப் பகுதியை மட்டும் பெயின்ற் வேலை செய்யும் கராச்சில் கொடுப்பதில் குறைவொன்றுமில்லை. முதற்பூச்சைத் தடிப்பாக அடித்தால் அதிலுள்ள கரைப்பான் பிளாஸ்ரிக்கைத் தாக்கலாம், வழியவும் செய்யும். மெல்லியதாகப் பல தடவை அடிக்கவேண்டும். சோளகம் வீசும் மாதங்களில் திறந்த முற்றத்தில் அடித்தால் புழுதி ஒட்டும். மாரிகாலத்து ஈரப்பதத்தில் சில பூச்சுகள் வெண்மையாகப் பூத்துவிடும். நடுப்பகல் வெயிலில் சுட்டுக் கிடக்கும் விளக்கில் அடித்தால் பரவுமுன்னரே காய்ந்து சொரசொரக்கும். காற்று அடங்கிய உலர்ந்த காலைப்பொழுதில், கூரையின் கீழ் செய்வதே நல்லது.

மூடி மங்கியிருக்கும்போது கூடிய வலுவுள்ள பல்பைப் பூட்டுவதைத் தீர்வாக எண்ணுபவர்களும் உண்டு. மங்கிய மூடி வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. பல்பின் வலு கூடினால் எதிரே வருபவரின் கண்ணில் விழும் கூச்சமும் கூடும். முன்விளக்குகளில் பயன்படும் எச்4 வகைப் பல்பின் வழமையான அளவு 60/55 வாற்று (தூர ஒளிக்கு 60, கிட்ட ஒளிக்கு 55). அதற்குப் பதிலாக 100 வாற்று பல்பு போட்டால் வயரும் பிளாஸ்ரிக்கும் கூடுதலாகச் சூடேறும்.

பூச்சு தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்தவுடன் காரை வெளியே எடுத்துவிடாதீர்கள். பூச்சின் உறையில் எழுதியிருக்கும் முழு நேரமும் காயும்வரை இராப்பனி படாத இடத்தில் நிறுத்திவைத்து, முதல் ஒரு வாரம் சேவிஸ் நிலையத்தில் அழுத்தத் தண்ணீரால் கழுவுவதைத் தவிர்த்து, அதன்பின் ஓர் இரவில் சமதரையில் மதிலுக்கு நேரே காரை நிறுத்தி, இரு விளக்குகளின் ஒளியும் ஒரே உயரத்தில் விழுகிறதா என்று பாருங்கள்.