டேமெட் தினசரித் தரவை ஈஆர்ஏ5 கட்டங்களுக்கு மாற்றும் முறை

வட அமெரிக்காவின் அன்றாட வெப்பநிலை, மழை, பனிநீர் அளவு ஆகியவற்றை 1980 முதல் 1 கிலோமீட்டர் கட்டங்களில் தரும் டேமெட் தரவை ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் வழங்குகிறது. இதன் கட்டங்கள் 25°, 60° வடக்கு ஆகிய தர இணைகோடுகளையும் 42.5° வடக்கு, 100° மேற்கு என்ற மையத்தையும் கொண்ட, புவியின் வளைபரப்பைத் தட்டையாக்கும் லம்பேர்ட் கூம்புப் புரொஜெக்‌ஷனில் அமைந்தவை. ஆகவே 0.25° அட்ச, தீர்க்கரேகைக் கட்டங்களில் உள்ள ஈஆர்ஏ5 என்ற ஐரோப்பிய வானிலை மையத்தின் உலகளாவிய தரவோடு அதை நேரடியாக ஒப்பிட இயலாது. பைத்தானில் எக்ஸ்அரே, ரியோஎக்ஸ்அரே ஆகிய இரண்டு நூலகங்களைக் கொண்டு இந்த மாற்றத்தைச் செய்யலாம்.

தொடங்குமுன் அளவைக் கணக்கிட வேண்டும். முழுப் பரப்பும் 7814 × 8075 கட்டங்கள் என்பதால், ஒரே ஓர் ஆண்டின் ஒரே ஒரு மாறி, சுருக்கம் நீக்கினால், 90 ஜிபியைத் தாண்டிவிடும். ரியோஎக்ஸ்அரேயின் மாற்றச் செயல்பாடு தரவை நினைவகத்தில் ஏற்றியே வேலை செய்வதால், தேவையான நிலப்பகுதியை முதலில் வெட்டி எடுத்து, பிறகு மாதம் மாதமாக மாற்றுவதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

டேமெட் தரவு வரும் நெட்சிடிஎஃப் வடிவக் கோப்பைத் திறந்ததும் பரிமாணங்கள் காலம், ஒய், எக்ஸ் என்ற வரிசையில் உள்ளனவா என்று பார்த்து, இல்லையெனில் 'டிரான்ஸ்போஸ்' மூலம் வரிசைப்படுத்த வேண்டும். எக்ஸ், ஒய் மதிப்புகள் மீட்டரிலா கிலோமீட்டரிலா என்பதையும் அப்போதே உறுதி செய்துகொள்ள வேண்டும். கோப்பிலுள்ள இருபரிமாண அட்ச, தீர்க்கரேகை அணிகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மாற்றத்துக்குச் செல்லும் தரவிலிருந்து நீக்கிவிடலாம். சரிபார்க்கும்போது அவை தேவைப்படும். அடுத்து 'ரைட் சிஆர்எஸ்' மூலம் மேற்சொன்ன லம்பேர்ட் அளவுருக்களை அறிவிக்க வேண்டும். இது தரவு இப்போது எந்த அமைப்பில் இருக்கிறது என்பதைச் சொல்வது மட்டுமே. எந்த எண்ணையும் இது நகர்த்தாது. இந்த இடத்தில் அட்ச, தீர்க்கரேகை அமைப்பின் குறியீடான இபிஎஸ்ஜி 4326 என்று எழுதினால் மாற்றம் நடந்துவிடும் என்று எண்ணுவது பரவலான பிழை. அவ்வாறு எழுதினால், மீட்டரில் உள்ள எண்கள் பாகைகளாகப் படிக்கப்பட்டு வரைபடம் உலகத்துக்கு வெளியே போய்விடும். வெற்றுக் கட்டங்களைக் குறிக்கும் −9999 என்ற மதிப்பையும் மறவாமல் அறிவிக்க வேண்டும். இல்லையெனில் கடலோரச் சராசரிகளில் அதுவும் கலந்துவிடும்.

ஈஆர்ஏ5 பக்கத்தில் தீர்க்கரேகை 0 முதல் 360 வரை இருந்தால், அதை −180 முதல் 180 வரை என மாற்றி, ஏறுவரிசையில் அடுக்கிய பிறகு, டேமெட் தரவை ஈஆர்ஏ5 கட்டங்களுக்குப் பொருத்தும் 'ரீப்ரொஜெக்ட் மேட்ச்' செயல்பாட்டை அழைக்கலாம். இங்கே ரீசாம்பிளிங் முறையை, அதாவது புதிய கட்டத்தின் மதிப்பைக் கணிக்கும் முறையை, குறிப்பிடாமல் விட்டால் அது அண்மைக் கட்டத்தை மட்டும் எடுக்கும். 40° வடக்கில் ஒரு 0.25° கட்டத்துக்குள் ஏறத்தாழ 540 டேமெட் கட்டங்கள் அடங்குகின்றன. அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து மற்றவற்றை விட்டுவிடுவதற்குக் காரணமே இல்லை. 'ஆவரேஜ்' முறையே இங்குப் பொருத்தமானது. மழைக்கு 'சம்' முறை சரியாக இருக்கும் என்று தோன்றலாம். ஆனால் மில்லிமீட்டர் என்பது நீரின் ஆழம். 540 கட்டங்களின் ஆழத்தைக் கூட்டினால் கிடைக்கும் எண்ணுக்குப் பொருளே இல்லை. வளைவுப் பொருத்தமான 'கியூபிக்' முறை எதிர்மறை மழையைக் கூடத் தரக்கூடும் என்பதால் அதையும் தவிர்க்க வேண்டும். கரையோரத்தில் நான்கைந்து நிலக்கட்டங்களை மட்டும் கொண்டு ஒரு பெரிய கட்டம் மதிப்புப் பெறுவதைத் தடுக்க, நிலத்துக்கு 1, வெறுமைக்கு 0 என்ற அடுக்கையும் இதே முறையில் மாற்றி, 0.5க்குக் கீழ் வரும் கட்டங்களை நீக்கிவிடலாம்.

கணக்கின் வரிசையும் முக்கியமானது. ஆண்டு மொத்த மழையை மாற்றத்துக்கு முன்பு கூட்டினாலும் பின்பு கூட்டினாலும் விடை ஏறத்தாழ ஒன்றே. ஆதலால் முன்பே கூட்டிவிட்டால் வேலை வெகுவாகக் குறையும். மழை நாட்களின் எண்ணிக்கை அப்படியன்று. ஒரு மூலையில் பெய்த மழை சராசரியில் முழுக் கட்டத்துக்கும் தூறலாகப் பரவி நாட்களைப் பெருக்கிவிடும். ஈஆர்ஏ5 உடன் ஒப்பிடுவதே நோக்கமானால் மாற்றிய பின் எண்ணலாம். உள்ளூர் நிலையை அறிவதானால் மூலக் கட்டங்களில் எண்ணிவிட்டே மாற்ற வேண்டும்.

காலப் பரிமாணத்தில் புரொஜெக்‌ஷன் கை வைப்பதில்லை என்றாலும், டேமெட்டில் எல்லா ஆண்டுகளுக்கும் 365 நாட்களே உண்டு; லீப் ஆண்டுகளில் பிப்ரவரி 29 இருக்கும், டிசம்பர் 31 இருக்காது. மேலும் அதன் நேரக்குறி நண்பகல் 12 மணியைக் காட்டும். எனவே இரு தரவுகளையும் வரிசை எண்ணால் இணைக்காமல், மணியை நீக்கிவிட்டுத் தேதியால் இணைக்க வேண்டும்.

சரிபார்ப்பதற்கு டென்வர் நகரம் ஏற்றது. மூலக் கட்டத்தில் அதன் எக்ஸ், ஒய் இரண்டும் எதிர்மறையாக இருக்க வேண்டும். ஆயத்தொலைவுகளை மாற்றும் பைபுரோஜ் நூலகம் கொண்டு கணக்கிடும்போது எதிர்மறை எண் வராவிட்டால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியுள்ளனவா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு, எடுத்து வைத்த இருபரிமாண அணிகளைக் கொண்டு 39.625°–39.875° வடக்கு, 104.875°–105.125° மேற்கு எல்லைக்குள் வரும் டேமெட் கட்டங்களைத் தேர்ந்து, ஒரு நாளின் அதிகபட்ச வெப்பநிலைக்கு எளிய சராசரி காண வேண்டும். அது 39.75° வடக்கு, 105° மேற்கை மையமாகக் கொண்ட புதிய கட்டத்தின் மதிப்போடு ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். மேற்கே அடுத்த கட்டத்திலேயே நிலம் ராக்கி மலையடிவாரமாக உயரத் தொடங்குவதால், கட்டங்கள் பாதி அளவு பிசகியிருந்தாலும் பெரும்பாலும் வெப்பநிலையில் அது வெளிப்பட்டுவிடும்.