மாமா மூச்சு எடுக்கட்டும்: ஹார்ன் சொனாட்டாவுக்குப் பியானோ வாசிப்பது

எங்கள் மாமா ராணுவ பேண்டில் பிரெஞ்சு ஹார்ன் என்ற பித்தளைக் குழல் ஊதி ஓய்வு பெற்றவர். கொழிஞ்சாம்பாறை வீட்டு முன்னறையில் அவர் ஹார்னும் என் 88 கட்டை கீபோர்டுமாக, பீத்தோவனின் எஃப் மேஜர் ஹார்ன் சொனாட்டாவை (ஹார்னும் பியானோவும் சேர்ந்து வாசிக்கும் மூன்று பகுதி உருப்படி) ஒப்பேற்ற எங்களுக்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் பிடித்தது. புதிதாக உட்காருகிறவர்கள் என்னைப் போல அவதிப்பட வேண்டாம்.

முதல் சண்டை சுரத்தின் பெயரில் வரும். மாமா தன் தாளைப் பார்த்து "சி" என்பார். என் கட்டையில் அது எஃப், ஏனென்றால் எஃப் ஹார்னின் தாளில் சி என்று எழுதினால் எஃப்தான் ஒலிக்கும். முதல் நாளே இதைப் பேசிவிடுங்கள். சுருதியைப் பிறகு பார்க்கலாம். குளிர்ந்த ஹார்ன் இறங்கி நிற்கும், ஊதச் சூடாகி ஏறும். பத்து நிமிடம் ஊதவிட்டுச் சேருங்கள். கீபோர்டு என்றால் அதன் சுருதியை நகர்த்தலாம். நிஜப் பியானோ என்றால் அவர்தான் ஸ்லைடை, அதாவது சுருதி சேர்க்கும் குழாயை, இழுக்க வேண்டும்.

நென்மாறா வேலா கோயில் திருவிழாவில் பஞ்சவாத்தியத்துக்குக் கொம்பு ஊதுவதைப் பார்த்திருப்பீர்கள். துளையும் இல்லை, வால்வும் இல்லை, எல்லாம் உதடுதான். 1800 ஏப்ரல் 18 அன்று வியன்னாவில் ஹார்ன் வித்வான் புன்டோ இந்தச் சொனாட்டாவை முதலில் ஊதிய ஹார்னும் வால்வு இல்லாததே. தானாக வராத சுரங்களை மணிவாய்க்குள் கையை வைத்து, மூடித் திறந்து எடுத்தார்கள். பியானோவில் பீத்தோவனே உட்கார்ந்தார். அன்றைய பியானோவுக்கு மரச்சட்டம், ஒலி மெலிசு. இன்றைய பியானோவில் அதே பலத்தோடு அடித்தால் ஹார்ன் காணாமல் போகும். இடது கையைப் பாதியாகக் குறையுங்கள், பெடலையும்தான்.

ஹார்னின் வாய் பின்னால் பார்க்கிறது. அவருக்குப் பின்னால் வெறும் சுவர் இருக்கட்டும், திரைச்சீலை வேண்டாம். ஒலி சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் காதை நம்பினால் பிந்திவிடுவீர்கள். அவர் தோளைப் பாருங்கள். தோள் ஏறினால் மூச்சு எடுக்கிறார், இறங்கும்போது சுரம் வரும். இது பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆரம்பத்தில் ஹார்ன் தனியாகத்தான் அழைக்கும். பதில் சொல்ல அவசரப்படாதீர்கள். நான் மூன்று வாரம் முந்திக்கொண்டே இருந்தேன். "ஏன்டா, என்னை மூச்சு விடவே விடமாட்டியா?" என்றார் மாமா. வேகக் குறிப்பிலேயே மாடரேட்டோ (மிதமாக) என்று இருக்கிறது, அதை மதியுங்கள். உதடு களைத்துவிட்டால் முதல் பகுதியில் திருப்பி வாசிப்பதை விட்டுவிடலாம், தப்பில்லை.

இரண்டாவது பகுதி இருபது பார் (தாள அளவு) கூட இல்லை. நிற்காமல் மூன்றாவதுக்குள் போய்விடும். நடுவில் இளைப்பாற இடமே கிடையாது. அதனால் முதல் பகுதி முடிந்ததும் ஹார்னுக்குள் சேர்ந்த தண்ணீரைக் கொட்ட அவருக்கு நேரம் கொடுங்கள். தரையில் பழைய துண்டு ஒன்று போட்டுவையுங்கள். கொட்டினது மாமா, அம்மாவிடம் திட்டு வாங்கினது நான்.