சண்டையை ஆங்கிலத்தில் எழுதும்போது தடுமாறும் இடங்கள்

தமிழில் கோபம், சந்தேகம், புகார், வழக்கு, கல் எல்லாமே ஒருவர் ‘மேல்’தான் விழும். அந்த ‘மேல்’ வரும் இடமெல்லாம் ஆங்கிலத்தில் ‘ஆன்’ போட்டுவிடுவதுதான் நம்மவர்களிடம் அதிகம் காணும் பிழை. ‘ஹி இஸ் ஆங்ரி ஆன் மீ’ தவறு. ஆள்மீது கோபம் என்றால் ‘ஆங்ரி வித் மீ’; தாமதம் போன்ற ஒரு விஷயத்தால் வந்த கோபம் என்றால் ‘ஆங்ரி அபவுட் த டிலே’. புகாருக்கும் வழக்குக்கும் ‘அகெய்ன்ஸ்ட்’: ‘எ கம்ப்ளெயின்ட் அகெய்ன்ஸ்ட் ஹிம்’, ‘எ கேஸ் அகெய்ன்ஸ்ட் ஹிம்’.

தாக்குதலுக்கு ‘ஆன்’ உண்டு, ஆனால் பெயர்ச்சொல்லாக வரும்போது மட்டும்: ‘தி அட்டாக் ஆன் த பஸ்’. வினைச்சொல்லாக வந்தால் நடுவில் எதுவும் வேண்டாம்: ‘தே அட்டாக்ட் த பஸ்’. ‘அப்போஸ்’ என்பதும் இப்படித்தான். ‘ஐ அப்போஸ் டு திஸ் பிளான்’ என்று எழுதாதீர்கள். ‘ஐ அப்போஸ் திஸ் பிளான்’ அல்லது ‘ஐ அம் அப்போஸ்ட் டு திஸ் பிளான்’ சரி. ‘டு’ கட்டாயம் கேட்கும் சொல் ‘அப்ஜெக்ட்’: ‘ஐ அப்ஜெக்ட் டு திஸ் பிளான்’.

‘அட்’ என்ற சின்னச் சொல்லைத் தனியாகக் கவனிக்க வேண்டும். பகையைக் காட்டுவதே பல இடங்களில் அதுதான். ‘த்ரூ த பால் டு மீ’ என்றால் நான் பிடிக்கட்டும் என்று எறிந்தார். ‘த்ரூ த பால் அட் மீ’ என்றால் என்மேல் படட்டும் என்று எறிந்தார். ‘ஷவுட்டட் டு மீ’ தூரத்திலிருந்து குரல் கொடுத்தது. ‘ஷவுட்டட் அட் மீ’ கோபத்தில் கத்தியது. கல்லெறிந்ததை ‘த்ரூ எ ஸ்டோன் ஆன் மீ’ என்று எழுதுவது தவறு, அங்கும் ‘அட்’தான்.

‘என்னைப் பழிவாங்கினான்’ என்பதில் நேர்மாறான சிக்கல். ‘ஹி ரிவெஞ்ச்ட் மீ’ என்று எழுதினால் எனக்காக அவன் வேறொருவரைப் பழிவாங்கினான் என்று ஆகிவிடும். இங்கேதான் ‘ஆன்’ தேவை: ‘ஹி டுக் ரிவெஞ்ச் ஆன் மீ’.

அடுத்தது சொல்லின் கனம். ‘அடித்தான்’ என்றதும் ‘பீட்’ என்று எழுதிவிடுகிறோம். ‘பீட்’ என்பது திரும்பத் திரும்ப அடிப்பது. அதோடு ‘ஹி பீட் மீ’ என்பதை ஆட்டத்தில் என்னை ஜெயித்தான் என்றும் படிக்கலாம். ஒரே ஒரு அறை என்றால் ‘ஸ்லாப்ட்’, குத்து என்றால் ‘பஞ்ச்ட்’, எப்படி அடித்தான் என்று தெரியாவிட்டால் ‘ஹிட்’, புரட்டி எடுத்துவிட்டான் என்றால் ‘பீட் மீ அப்’. ‘பீட்டட்’, ‘ஃபைட்டட்’ என்று சொற்களே கிடையாது. இறந்தகாலம் ‘பீட்’, ‘ஃபாட்’.

‘திட்டினான்’ என்பதற்கு ‘ஸ்கோல்டட்’ பெரும்பாலும் பொருந்தாது. அது பெரியவர் பிள்ளையைக் கண்டிப்பது. பக்கத்து வீட்டுக்காரர் கெட்ட வார்த்தையில் திட்டினால் ‘ஹி ஸ்வோர் அட் மீ’. ‘அப்யூஸ்ட்’ என்று மட்டும் எழுதினால் வெளிநாட்டில் படிப்பவர்கள் உடல்ரீதியான அல்லது பாலியல் கொடுமை என்று நினைக்கக்கூடும். வாயால் என்றால் ‘வெர்பலி அப்யூஸ்ட்’ என்றே எழுதுங்கள்.

மிரட்டலில் சொல் வரிசை மாறினால் ஆளே மாறிவிடும். ‘ஹி த்ரெட்டன்ட் மீ டு கில்’ என்றால் யாரையோ கொல்லச் சொல்லி என்னை மிரட்டியதுபோல் இருக்கும். கொன்றுவிடுவேன் என்று மிரட்டியதற்கு ‘ஹி த்ரெட்டன்ட் டு கில் மீ’.

‘ஃபாட் வித்’ இரண்டு பக்கமும் வெட்டும். முதல் உலகப்போரில் இந்தியப் படைகள் ‘ஃபாட் வித் த பிரிட்டிஷ்’ என்றால் பிரிட்டிஷாரோடு சேர்ந்தா, எதிர்த்தா? ‘அலாங்சைட்’ அல்லது ‘அகெய்ன்ஸ்ட்’ போட்டால் குழப்பம் தீரும். புகாரில் இது இன்னும் ஆபத்து, ஏனென்றால் ‘வி ஃபாட்’ என்றால் நீங்களும் கைகலப்பில் இறங்கியதாக ஒப்புக்கொண்டதுபோல் ஆகும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற இந்தியக் குற்றவியல் சட்டத்தின் 194-ஆம் பிரிவுப்படி, பொது இடத்தில் இரண்டு பேர் சண்டையிட்டுப் பொது அமைதியைக் கெடுத்தாலே ‘அஃப்ரே’ என்ற குற்றம். ‘ரயட்’ வேறு, சட்டவிரோதமாகக் கூடிய ஐந்து பேராவது வேண்டும். ‘அசால்ட்’ என்ற சொல்லும் அடி விழுந்தது என்று உறுதியாகச் சொல்லாது. அதே சட்டத்தின் 130-ஆம் பிரிவில், அடிக்கப்போவதாகப் பயம் வரும்படி கையை ஓங்கினாலே அது அசால்ட். வெறும் வார்த்தை ஆகாது.

செய்தி படிப்பவர்களுக்கு ஒன்று. ‘ஹாஸ்டிலிட்டி’ பகையுணர்வு, ‘ஹாஸ்டிலிட்டீஸ்’ என்ற பன்மை ஆயுதச் சண்டை. ‘ஹாஸ்டைல் விட்னஸ்’ கோபக்காரச் சாட்சி அல்ல, பிறழ்சாட்சி. ‘ஆர்மிஸ்டிஸ்’ என்பது சண்டையை நிறுத்தும் உடன்பாடு மட்டுமே, அதை அமைதி ஒப்பந்தம் (‘பீஸ் ட்ரீட்டி’) என்று எழுதக்கூடாது. கொரியாவில் 1953 ஜூலை 27-இல் கையெழுத்தானது ஆர்மிஸ்டிஸ்தான், ‘பீஸ் ட்ரீட்டி’ இன்றுவரை இல்லை.

காவல் நிலையத்தில் தமிழிலேயே புகார் எழுதிக் கொடுக்கலாம். அலுவலகத்துக்கோ வெளிநாட்டுக் கல்லூரிக்கோ ஆங்கிலத்தில் எழுத வேண்டி வந்தால், ‘ஹி ஃபாட் வித் மீ, ஸ்கோல்டட் இன் பேட் வேர்ட்ஸ் அண்ட் பீட் மீ’ என்பதை இப்படி மாற்றுங்கள்: ‘ஹி ஸ்வோர் அட் மீ அண்ட் ஸ்லாப்ட் மீ ஒன்ஸ் ஆன் த லெஃப்ட் சீக்’. தேதி, நேரம், இடம் மூன்றையும் அதே வாக்கியத்தில் சேர்த்துவிடுங்கள்.