சட்டியில் என்ன இருந்தது? கோஆர்டினேட்டரை எடைபோடும்போது செய்யும் தவறுகள்

2022 செப்டம்பர் 3. அயோவா பல்கலைக்கழக அணி சொந்த மைதானத்தில் சவுத் டகோட்டா ஸ்டேட் அணியை 7-3 என்று ஜெயித்தது. அமெரிக்கக் கால்பந்து பார்ப்பவர்கள் 7 என்றதும் ஒரு டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்ப்பது, 6 புள்ளி), கூடவே ஓர் உதை (1 புள்ளி) என்றுதான் நினைப்பார்கள். அன்று அயோவா ஒரு டச்டவுன்கூட அடிக்கவில்லை. பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் பீல்ட் கோல் ஒன்று, அதற்கு 3 புள்ளி. எதிரணியை அதன் எல்லைக்கோட்டுக்குப் பின்னாலேயே மடக்கினால் கிடைக்கும் 'சேஃப்டி' இரண்டு முறை, தலா 2 புள்ளி. ஆக, அந்த ஏழில் நாலு புள்ளி தடுப்பு அணி சம்பாதித்துக் கொடுத்தது.

இந்த ஆட்டத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். தலைமைப் பயிற்சியாளருக்குக் கீழே முக்கியமாக இரண்டு பேர்: தாக்குதலுக்கு அஃபென்ஸ் கோஆர்டினேட்டர், தடுப்புக்கு டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர். ஒவ்வொரு முறை பந்து கையில் எடுக்கும்போதும் யார் எங்கே ஓட வேண்டும், யார் யாரை மறிக்க வேண்டும் என்று திட்டம் சொல்பவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். அணி தோற்றால் திங்கட்கிழமை காலை முதலில் திட்டு வாங்குவதும் இவர்கள்தான்.

அந்தத் திட்டுக்கு நம்மிடம் இரண்டு பழமொழிகள் தயாராக இருக்கின்றன. கோஆர்டினேட்டரைப் பிடித்தவர்கள் "சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்" என்பார்கள். பிடிக்காதவர்கள் "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பார்கள். எந்தப் பழமொழி யாருக்குப் பொருந்தும் என்று சொல்ல, சமையலுக்கு முன்னால் சட்டியில் என்ன இருந்தது என்று பார்த்திருக்க வேண்டும். பல வருடம் இந்த ஆட்டத்தைப் பார்த்ததில் எனக்குத் தெரிந்தது, அதை யாரும் சரியாகப் பார்ப்பதில்லை என்பதுதான். சீசன் முடிந்தபின் அகப்பையைப் பார்த்துவிட்டு, சட்டியில் இதுதான் இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்கிறோம்.

புள்ளிப் பட்டியலை அப்படியே நம்புவது

அயோவாவிலேயே இருப்போம், ஏனென்றால் இந்தத் தவறை அங்கே ஒப்பந்தமாகவே எழுதி வைத்தார்கள். தலைமைப் பயிற்சியாளர் கர்க் ஃபெரன்ட்ஸ். அவர் மகன் பிரையன்தான் அப்போது அஃபென்ஸ் கோஆர்டினேட்டர். 2022-ல் அஃபென்ஸ் பந்தோடு முன்னேறிய மொத்த யார்டு கணக்கில், முதல் பிரிவின் மேல்தட்டில் ஆடும் 131 அணிகளில் அயோவா 130-வது இடம். அடுத்த வருடம் பிரையனின் சம்பளத்தை 9 லட்சம் டாலரிலிருந்து 8.5 லட்சமாகக் குறைத்து, வேலையில் நீடிக்க இரண்டு நிபந்தனை போட்டார்கள்: அணி குறைந்தது 7 ஆட்டம் ஜெயிக்க வேண்டும், ஆட்டத்துக்குச் சராசரி 25 புள்ளி எடுக்க வேண்டும்.

அந்த 25-இல் தடுப்பு அணி பந்தைப் பறித்துக்கொண்டு ஓடி எடுக்கும் புள்ளியும் சேரும். உதைகளைத் திருப்பிக் கொண்டுவந்து எடுப்பதும் சேரும். ஒருவருடைய வேலையை அளக்க அடுத்தவருடைய விளைச்சலையும் சேர்த்து எண்ணினால் அது என்ன அளவு? எதிர்ப்பக்கமும் யோசிக்கலாம். தடுப்பு அணி எதிரியின் 20 யார்டு கோட்டருகே பந்தைப் பறித்துக் கொடுத்தால், எந்த அஃபென்ஸும் ஒரு பீல்ட் கோலாவது அடித்துவிடும். அந்த 3 புள்ளி பட்டியலில் அஃபென்ஸ் பேரில்தான் ஏறும்.

2023-ல் அயோவா எடுத்த சராசரி 15.4 புள்ளி. அக்டோபர் கடைசியிலேயே, சீசனுக்குப் பிறகு பிரையன் இருக்க மாட்டார் என்று அறிவித்துவிட்டார்கள். ஆனால் அந்த அணி 14 ஆட்டத்தில் 10 ஜெயித்து, தன் பிரிவில் முதலிடமும் பிடித்தது. காரணம் டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர் ஃபில் பார்க்கர். நாட்டின் சிறந்த உதவிப் பயிற்சியாளருக்கான பிராய்ல்ஸ் விருது அந்த வருடம் அவருக்குத்தான்.

ஒரே வளாகம், ஒரே தலைமைப் பயிற்சியாளர், பெரிய பெயர்ப் பையன்களை இழுக்க முடியாத அதே ஊர். ஒரு பக்கம் நாட்டின் உச்சியில், மறு பக்கம் அடியில். ஒரு கோஆர்டினேட்டரை எடைபோட எதிர்வீட்டு அணியைப் பார்ப்பதைவிட, அதே அணியின் மறுபாதியைப் பார்ப்பது எவ்வளவோ மேல். முழுத் தீர்ப்பு அதில் கிடைக்காதுதான். 2023-ல் அயோவாவின் முதல் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி அஃபென்ஸை நடத்துபவர்) கேட் மெக்நமாரா முழங்கால் காயத்தோடு பாதி சீசனுக்கு முன்பே வெளியே போய்விட்டார். எதிரியை மறிப்பது, பந்து பிடிப்பது இரண்டையும் செய்யும் 'டைட் எண்ட்'களில் நல்லவர்கள் இரண்டு பேரும் காயப்பட்டார்கள்.

விளைவைப் பார்த்துத் திறமையை அளப்பது

மிகப் பெரிய தவறு இதுதான், நானும் பல முறை செய்திருக்கிறேன். ஆட்டக்காரர் நன்றாக ஆடினால் "திறமை இருந்தது, கோஆர்டினேட்டருக்கு என்ன பெருமை" என்கிறோம். சொதப்பினால் "திறமையே இல்லை, பாவம் கோஆர்டினேட்டர் என்ன செய்வார்" என்கிறோம். இரண்டிலும் கோஆர்டினேட்டர் கணக்கிலேயே வருவதில்லை.

சாம் லபோர்ட்டாவை எடுத்துக்கொள்வோம். அயோவாவின் டைட் எண்ட். 2022-ல், அந்த 130-வது இடத்து அஃபென்ஸில், 58 பந்து பிடித்தார், ஒரே ஒரு டச்டவுன். அடுத்த வருடம் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லில் டெட்ராய்ட் லயன்ஸுக்குப் போனார். முதல் சீசனிலேயே 86 பந்து, 10 டச்டவுன். டெட்ராய்ட்டின் பக்குவமும் அதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் "அயோவா அஃபென்ஸில் ஆளே கிடையாது" என்று 2022-ல் சொன்னவர்கள் லபோர்ட்டாவை எங்கே வைத்து எண்ணினார்கள்?

மறுபக்கத்து உதாரணம் ஸாக் பான். நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியில் நாலு வருடம், பெரும்பாலும் உதை ஆட்டங்களுக்கு இறங்கும் ஆள். 2024-ல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அவரை ஒரு வருடத்துக்கு 35 லட்சம் டாலருக்கு எடுத்தது. என்.எஃப்.எல். கணக்கில் அது சில்லறை. அங்கே புதிதாக வந்த டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர் விக் ஃபாஞ்சியோவின் தடுப்பில், ஓரத்தில் நின்று பாய்ந்துகொண்டிருந்த பான் நடுவில் நிற்கும் லைன்பேக்கர் ஆனார். அந்த சீசன் முடிவில் அவர் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலான ஆல்-ப்ரோவின் முதல் அணியில் இருந்தார். அடுத்து மூன்று வருடத்துக்கு 5.1 கோடி டாலர் ஒப்பந்தம். இப்போது 2024 ஈகிள்ஸ் தடுப்பைப் பார்ப்பவர் "பான் மாதிரி ஆள் இருந்தால் யார்தான் சாதிக்க மாட்டார்கள்" என்பார். சீசன் தொடங்கும் முன், ஆகஸ்ட் மாதம் அப்படிச் சொன்னவர் எத்தனை பேர்?

அதனால் நான் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். சீசன் தொடங்கும் முன்பே ஒரு நோட்டில் எழுதிவைப்பேன்: கல்லூரிப் பையன்களை என்.எஃப்.எல். அணிகள் ரவுண்டு ரவுண்டாக எடுக்கும் தேர்வில் யார் எந்த ரவுண்டில் தேர்வானவர், போன வருடம் எவ்வளவு நேரம் களத்தில் இருந்தார், சம்பளம் என்ன. ஜனவரியில் அந்தப் பக்கத்தைத் திறந்துதான் பேசுவேன். நினைவு நம்மை ஏமாற்றும். பேனாவால் எழுதியது அப்படியே இருக்கும்.

பானுக்காக ஃபாஞ்சியோவுக்கு எல்லாப் பெருமையும் கொடுத்துவிடவும் கூடாது. 2023-ல் ஈகிள்ஸ் விட்டுக்கொடுத்தது 428 புள்ளி, 2024-ல் 303. அந்த 125 புள்ளி வித்தியாசத்தில் முதல் ரவுண்டில் எடுத்த குவின்யன் மிட்செலுக்கும், இரண்டாம் ரவுண்டில் எடுத்த கூப்பர் டிஜீனுக்கும் பங்கு உண்டு. அவர்களை எடுத்தது அணி நிர்வாகம். கல்லூரி ஆட்டத்தில் கோஆர்டினேட்டரே வீடு வீடாகப் போய்ப் பையன்களைச் சேர்க்கிறார். அங்கே ஆள் பற்றாக்குறையில் அவருக்கும் பொறுப்பு உண்டு. என்.எஃப்.எல்.லில் பெரும்பாலும் கொடுத்த ஆளை வைத்துத்தான் ஆட வேண்டும். இரண்டையும் ஒரே தராசில் வைக்கிறோம்.

நல்ல வருடத்தை மட்டும் பார்ப்பது

அஃபென்ஸ் கோஆர்டினேட்டர் ஜாஷ் மெக்டேனியல்ஸின் வருடங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். 2007-ல் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ்: குவார்ட்டர்பேக் டாம் பிரேடி 50 டச்டவுன் வீசினார், அணி 589 புள்ளி எடுத்தது. 2011-ல் செயின்ட் லூயிஸ் ராம்ஸ்: 193 புள்ளி, லீக்கிலேயே கடைசி. 2012-ல் திரும்பவும் பேட்ரியட்ஸ்: 557. இதைப் பார்த்ததும் "பிரேடி இல்லாவிட்டால் ஒன்றுமில்லை" என்று சொல்லத் தோன்றும்.

நடுவில் ஒரு வருடம் இருக்கிறது. 2008-ல் முதல் ஆட்டத்திலேயே பிரேடியின் முழங்கால் போய்விட்டது. உள்ளே வந்த மேட் காசல், பள்ளிக்குப் பிறகு ஓர் ஆட்டத்தையும் குவார்ட்டர்பேக்காகத் தொடங்காதவர். அவரை வைத்து 410 புள்ளி, 11 வெற்றி. பந்து பிடிக்க ராண்டி மாஸ், வெஸ் வெல்கர் இருந்தார்கள், சரி. ஆனாலும் மெக்டேனியல்ஸைப் பற்றி 589-ஐவிட இந்த 410 எனக்கு அதிகம் சொல்கிறது. சட்டியிலிருந்து பெரிய துண்டை எடுத்த பிறகும் குழம்பு ருசியாகத்தானே இருந்தது?

ராம்ஸ் வருடத்துக்கு முழுச் சாக்கும் கொடுக்க மாட்டேன். ஒப்பந்தத் தகராறில் அணி உரிமையாளர்கள் கதவை மூடிவைத்த லாக்அவுட் காரணமாக அந்தக் கோடையில் புது கோஆர்டினேட்டருக்குப் பயிற்சி நாட்களே கிடைக்கவில்லை, குவார்ட்டர்பேக் சாம் பிராட்ஃபோர்டு ஆறு ஆட்டம் ஆடவில்லை. இரண்டும் உண்மை. ஆனால் அதற்கு முந்தைய வருடம் அதே அணி 289 புள்ளி எடுத்திருந்தது. ஒப்பிட வேண்டியது பேட்ரியட்ஸின் 589-ஓடு இல்லை, இந்த 289-ஓடு. அப்படிப் பார்த்தாலும் சரிவு பெரிதுதான்.

எந்த வருடத்தோடு ஒப்பிடுகிறோம் என்பதில் அட்லாண்டா ஃபால்கன்ஸ் ரசிகர்கள் நிறைய தவறினார்கள். கைல் ஷானஹன் கோஆர்டினேட்டராக இருந்த 2016-ல் 540 புள்ளி. அவர் போனபின் ஸ்டீவ் சார்கீசியன் வந்த 2017-ல் 353. உடனே சார்கீசியன் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டார் என்ற பேச்சு. ஆனால் அதே ஷானஹனின் முதல் வருடமான 2015-ல் எடுத்தது 339 மட்டுமே! தாக்குதல் முன்வரிசையின் நடுவில் நிற்கும் சென்டர் அலெக்ஸ் மேக் வந்தது 2016-ல், குவார்ட்டர்பேக் மேட் ரயன் அந்தத் திட்டத்தில் இரண்டாம் வருடம் ஆடியதும் 2016-ல். எல்லாம் கூடிவந்த ஒரு வருடத்தை வழக்கமான வருடமாக எண்ணிக்கொண்டால், அடுத்து வருபவர் யாராக இருந்தாலும் குற்றவாளிதான்.

பந்துப் பறிப்பிலும் இதே சிக்கல். ஃபாஞ்சியோவின் 2018 சிகாகோ பேர்ஸ் தடுப்பு 36 முறை பந்தைப் பறித்தது. அவர் டென்வர் போனபின் சக் பகானோவின் கீழ் 2019-ல் 19 முறைதான். கைநழுவித் தரையில் விழும் பந்து யார் பக்கம் உருளும் என்பதில் பாதி அதிர்ஷ்டம். விட்டுக்கொடுத்த புள்ளியோ 283-லிருந்து 298 ஆனது, அவ்வளவுதான். அதுவும் நடுவில் நிற்கும் அகீம் ஹிக்ஸ் ஐந்து ஆட்டம் மட்டுமே ஆடிய வருடத்தில். பகானோவை மட்டம் தட்டியவர்கள் பறிப்பு எண்ணிக்கையை மட்டும்தான் பார்த்தார்கள்.

அப்புறம், திட்டம் சொல்வது யார் என்று பார்க்காமலே பேசுவது. கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணியில் பல வருடம் எரிக் பியெனமி அஃபென்ஸ் கோஆர்டினேட்டர், ஆனால் திட்டம் சொன்னவர் பெரும்பாலும் தலைமைப் பயிற்சியாளர் ஆண்டி ரீட். டென்வரில் 2013-ல் 606 புள்ளி எடுத்து லீக் சாதனை படைத்தபோது, கோட்டில் நின்று திட்டத்தை மாற்றிக்கொண்டே இருந்தவர் குவார்ட்டர்பேக் பெய்டன் மேனிங். கோஆர்டினேட்டர் ஆடம் கேஸின் பங்கு எவ்வளவு என்று வெளியிலிருந்து பிரிப்பது கடினம்.

அயோவாவில் 2024-ல் டிம் லெஸ்டர் அஃபென்ஸ் கோஆர்டினேட்டராக வந்தார். சராசரி 27 புள்ளியைத் தாண்டியது. முந்தைய இரண்டு வருடமும் அதே அணியில் இருந்த கேலப் ஜான்சன் அந்த வருடம் 1,500 யார்டுக்கு மேல் ஓடி 21 டச்டவுன் எடுத்தார். 2023-ல் அவருக்குக் கணுக்கால் காயம், அதையும் என் நோட்டில் குறித்திருக்கிறேன்.

2025 பிப்ரவரி 9, என்.எஃப்.எல். இறுதி ஆட்டமான சூப்பர் பௌல். ஃபாஞ்சியோ கூடுதல் ஆளை அனுப்பாமல், முன்வரிசை நாலு பேரை வைத்தே கான்சஸ் சிட்டி குவார்ட்டர்பேக் பாட்ரிக் மஹோம்ஸை நெருக்கினார். ஆறு முறை அவரைத் தரையில் வீழ்த்தினார்கள். நெருக்கடியில் மஹோம்ஸ் வீசிய ஒரு பந்தை ஓர் இளைஞன் குறுக்கே பாய்ந்து பிடித்து, 38 யார்டு ஓடி டச்டவுன் எடுத்தான். கூப்பர் டிஜீன். அன்றைக்கு அவனுக்கு 22-வது பிறந்தநாள். அவன் ஆட்டம் கற்றது அயோவாவில், ஃபில் பார்க்கரிடம். அந்த ஆறு புள்ளியை யார் பேரில் எழுதுவது என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. நோட்டில் பார்க்கர், ஃபாஞ்சியோ, அவனைத் தேர்ந்தெடுத்த நிர்வாகம் என மூன்று பேரையும் எழுதி, பக்கத்தில் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.