ரிஜிஸ்டர் மேரேஜ் போட்டோல விழுந்த கருப்பு கோடு

ஃப்ரெண்டோட தங்கச்சிக்கு சென்னைல ரிஜிஸ்டர் மேரேஜ், 1954 ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட்ல நோட்டீஸ் குடுத்து 30 நாள் காத்திருந்து ஒருவழியா தேதி கெடச்சுது, "அண்ணா நீங்களே போட்டோ எடுத்துடுங்க"ன்னுச்சு, நானும் பந்தாவா கேமராவ தூக்கிட்டு போயிட்டேன்.

ரூம் நம்ம வீட்டு கிச்சன் சைஸ்தான், பீரோ, ஃபைல் கட்டு, மேல பழைய டியூப் லைட். சத்தம் வரக்கூடாதுன்னு சைலன்ட் ஷட்டர் (சத்தமில்லாம படத்த வரி வரியா பதியற எலக்ட்ரானிக் ஷட்டர்), ஸ்பீடு 1/500, அதாவது செகண்டுல ஐநூறுல ஒரு பங்கு. மொத பத்து போட்டோ பாத்தா பொண்ணு மூஞ்சி மேல பட்டை பட்டையா கோடு! வயித்துல புளிய கரைச்சிடுச்சு.

அப்புறம்தான் உறைச்சுது, நம்ம ஊரு கரன்ட் 50 ஹெர்ட்ஸ், அந்த டியூப் லைட் செகண்டுக்கு 100 தடவ மினுக்கும், கண்ணுக்கு தெரியாது, கேமரா விடாது. நெசமாவே தொறந்து மூடற மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாத்தி ஸ்பீட 1/100க்கு எறக்கினேன், ஒரு மினுக்கல் முழுசா ஒரே படத்துல அடங்கிடும்ல, கோடு போயே போச்சு.

கையெழுத்து போடறது ஒரே நிமிஷம், 3 சாட்சியும் குறுக்க வந்து நிப்பாங்க, அதனால முன்னாடியே மேஜைக்கு எதிர்ல இடம் புடிச்சுடுங்க (உள்ள எடுக்கலாமான்னு ஆபீஸ்ல ஒரு வார்த்த கேட்டுட்டுதான்).

சாயங்காலம் மெரினா. வெயில் ஊர் பக்கத்துலேர்ந்து வரும், கடல முதுகுக்கு வெச்சு நிக்க சொன்னேன், மூஞ்சில நேரா விழுந்துச்சு. அவங்க வீட்ல ஃப்ரேம் போட்டது அதைத்தான்.