புலம்பெயர்ந்த யூத மேதைகள்: வேலூர்ப் பள்ளிக் கண்காட்சிக்கு சார்ட் போடும் முறை

ஐன்ஸ்டைனிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். தெரிந்த முகம், யாரும் நின்று படிக்க மாட்டார்கள். வேலூரில் முதல் சார்ட் லுட்விக் குட்மனுக்குத்தான். பாகாயத்தில் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு முதுகுத்தண்டு அடிபடுவது என்றால் என்னவென்று தெரியும். அன்றைய ஜெர்மனியின் பிரெஸ்லாவில் நரம்பு மருத்துவராக இருந்த குட்மன், 1939இல் நாஜிகளிடமிருந்து இங்கிலாந்துக்குத் தப்பினார். 1944இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டுப் பிரிவைத் தொடங்கினார். படுக்கைப்புண் வராமலிருக்க நோயாளியை இரண்டு மணிக்கு ஒருதரம், நடுராத்திரியிலும், புரட்டிப் படுக்கவைத்தார்கள். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் 16 பேர் வில் எய்தார்கள். பாராலிம்பிக்கின் வேர் அது.

மற்றவர்களுக்கு ஆளுக்கு 40 சொல் போதும். 1933இல் ஜெர்மனியில் வேலை போன ஹான்ஸ் கிரெப்ஸ், 1937இல் ஷெஃபீல்டில் கண்டதுதான் பிளஸ் ஒன் உயிரியலில் வரும் கிரெப்ஸ் சுழற்சி. இயற்பியலாளர் மாக்ஸ் பார்ன் 1935-36இல் பக்கத்துப் பெங்களூரிலேயே இந்திய அறிவியல் கழகத்தில் இருந்தவர்.

எழுத்து 1.5 செ.மீ. உயரம். தடித்த மார்க்கர் வேண்டாம், 'ண'வின் சுழி அடைந்துபோகும்.

அவர்கள் இடம்பெயர்ந்த வழியைக் காட்ட, வரைபடத்தை தெர்மாகோலில் ஒட்டி, ஊருக்கு ஊர் நூல் கட்டுங்கள். குண்டூசியை நூலுக்கு எதிர்ப்பக்கம் சாய்த்துக் குத்தாவிட்டால் மதியத்துக்குள் தொங்கிவிடும். இன்றைய வரைபடத்தில் பிரெஸ்லாவைத் தேடினால் கிடைக்காது. இப்போது அது போலந்தின் வ்ரோத்ஸ்வாஃப். வாசல் சார்ட்டில் வரும் கார்ல்ஸ்பாட் இன்று செக் நாட்டில் கார்லோவி வாரி.

பெரும்பாலும் தப்பு நடப்பது பட்டியலில்தான். இயற்பியலாளர் ஃபெர்மி யூதர் இல்லை, மனைவி லாராதான் யூதர். இன்னொரு இயற்பியலாளர் ஷ்ரோடிங்கரும் யூதர் இல்லை. ஆனால் 1908இலேயே கிறிஸ்தவரான இயற்பியலாளர் லீஸா மைட்னரை நீக்காதீர்கள்: தாத்தா பாட்டி நால்வரில் ஒருவர் யூதராக இருந்தாலே 1933 ஏப்ரலில் வந்த சட்டம் அரசு வேலையைப் பறித்தது.

சுண்ணாம்புச் சுவரில் டபுள் டேப் நிற்காது, சுண்ணாம்போடு உரிந்து வரும். சணல் கயிறு கட்டி, துணி கிளிப்பில் மாட்டுங்கள். ஃபேன் காற்றுக்குக் கீழ் ஓரத்திலும் இரண்டு கிளிப்.

வாசலருகே இசையமைப்பாளர் வால்டர் காஃப்மன். கார்ல்ஸ்பாடில் பிறந்து 1934இல் பம்பாய் வந்தவர். சிவரஞ்சனி சாயலுள்ள ஆகாசவாணி முகப்பிசை அவர் பெயரில் வழங்குகிறது. போனில் ஓடவிடுங்கள், ஆனால் நாள் முழுக்க வேண்டாம். வயதானவர்கள் யாராவது அந்த சார்ட்டுக்கு வரும்போது மட்டும்.